பரிசு வாங்கின கை

எதை முதலில் சொல்வது, எதை அடுத்துச் சொல்வது என்பதில்தான் தனக்குப் பிசகிவிடும் என்று மெற்றில்டா பயந்தாள். புது மேனேஜர் கூப்பிட்டு நிறுத்திக் கேட்டால், அந்தப் படத்தில் இருக்கிற கை என் கை இல்லை சார் என்று சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அவர் படத்தைப் பற்றிப் பேச்செடுப்பதற்கு முன்பே அது வாயிலிருந்து விழுந்துவிட்டால்? இங்கே வாம்மா என்று சும்மா கூப்பிட்டதற்கே, என் கை இல்லை சார் என்று போய் நின்றால்? சரி, முதலில் எந்தப் படம் சார் என்று கேட்க வேண்டும். அதுவும் ஒத்துவராது; இறால் உரிக்கிற இந்த ஷெட்டில் இருக்கிற நூற்றெண்பது பொம்பளைகளும் போனில் பார்த்த படத்தை இவள் ஒருத்தி மட்டும் பார்க்கவில்லை என்றால் அவர் நம்புவாரா. பார்த்தேன் சார், யாரென்று தெரியாது சார். அதுதான் சரி. பார்த்தேன், தெரியாது. ஆனால் இரண்டு தடவை சார் போட்டால் நடுங்குகிறாள் என்று நினைப்பார், ஒரு தடவை போட்டால் திமிர் என்று நினைப்பார். வீட்டில் அடுப்பு முன்னால் நின்று சொல்லிப் பார்த்தபோது நன்றாகத்தான் வந்தது. வேனில் ஏறிச் சொல்லிப் பார்த்தபோது நடுவில் எங்கேயோ, அந்த வெள்ளைக்காரியை நான் பார்த்ததே இல்லை சார் என்று ஒரு வரி தானாக வந்து ஒட்டிக்கொண்டது. வெள்ளைக்காரி என்று யார் சொன்னது? ஆம்பிளையாகவும் இருக்கலாமே. பார் மெற்றில்டா, பார், இப்படித்தான் நீ மாட்டப்போகிறாய் என்று தன்னையே வைதுகொண்டு, ஐஸ் தண்ணீரிலிருந்து அடுத்த இறாலை எடுத்துத் தலையைக் கிள்ளினாள்.

பத்து மணி டீ முடிந்து எல்லாரும் குளோரின் தண்ணீரில் பூட்ஸை நனைத்துக்கொண்டு உள்ளே வந்த கையோடு புது மேனேஜரும் வந்துவிட்டார். திலீபன் என்று பெயர். மெட்ராஸ் தலைமை ஆபீசிலிருந்து வந்து ஒன்பது நாள்தான் ஆகிறது. இன்னும் பூட்ஸ் போட்டு நடக்கப் பழகவில்லை, ஈரத் தரையில் காலை அகட்டி அகட்டி வைக்கிறார். ஒரு கையில் போன். முதல் டேபிளில் ஆரம்பித்தார். அந்த டேபிளில் நின்றவர்களையெல்லாம் கிளவுஸைக் கழற்றச் சொன்னார். யார் போட்டிருந்தார்கள் கழற்றுவதற்கு, கிளவுஸ் என்பது வெளிநாட்டுக்காரர்கள் ஆடிட் வருகிற அன்றைக்கு மட்டும் கொடுத்து, அவர்கள் கார் கேட்டைத் தாண்டியதும் திரும்ப வாங்குகிற சாமான். பாவம் அவருக்கு அது தெரியவில்லை. ஒவ்வொருத்தி முன்னாலும் நின்று, போனைப் பார்த்தார், கையைப் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவே இல்லை. முகத்தைப் பார்த்தும் பிரயோசனம் இல்லை, தொப்பி புருவம் வரைக்கும், மாஸ்க் கண்ணுக்குக் கீழே வரைக்கும். பதினோரு வருஷமாக இந்த ஷெட்டில் மெற்றில்டா முகங்களைப் பார்த்ததைவிடக் கைகளைப் பார்த்ததுதான் அதிகம். எதிர் டேபிளில் பெருவிரல் நகம் கறுத்த கை யாருடையது, ஓட்டை ஒரே இழுப்பில் உரிக்கிற கை யாருடையது, நரம்பை எடுக்கும்போது சுண்டுவிரலைத் தூக்கிக்கொள்கிற கை யாருடையது என்று இவளுக்குத் தெரியும். அதே மாதிரி அவர்களுக்கும் இவளைத் தெரியும். இது அவளுக்கு அன்றைக்கு ஏன் தோன்றவில்லை? அந்த மழை நாளில், ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் இது தோன்றியிருந்தால்.

தோன்றியதெல்லாம் மோதிரம்தான். அவர்கள் இரண்டு பேர் வந்தார்கள், லோரா என்ற அந்த அமெரிக்கப் பத்திரிகைக்காரியும், அவள் பேச்சைத் தமிழில் எடுத்துச் சொல்ல யாழினி என்று ஒரு மெட்ராஸ் பிள்ளையும். கோயில் தெருவில் அமலி மைனி வீட்டுப் பின்பக்க அறையில் உட்கார்ந்தார்கள். மழை. லோரா அம்மா தரையில் சம்மணம் போட்டு உட்கார முடியாமல் ஒரு பக்கமாகக் காலை மடக்கிக்கொண்டு, மூக்கில் வியர்வை, மடியில் நோட்டு. முகம் காட்ட மாட்டோம் அக்கா, பேர் போட மாட்டோம், வீடு தெரியாது, ஊர்கூடத் தெரியாது, கடற்கரையில் ஒரு ஊர் என்றுதான் எழுதுவார்கள் என்று யாழினி நாலு தடவை சொன்னாள். உரிக்கிறதை மட்டும் ஒரு படம் எடுத்துக்கலாமா, கையை மட்டும்? அரைக் கிலோ இறால் வாங்கி வைத்திருந்தார்கள். மெற்றில்டாதான் கெட்டிக்காரியாக, இருங்க என்று சொல்லிக் கல்யாண மோதிரத்தைக் கழற்றி முந்தியில் முடிந்துகொண்டாள். வளையலைக் கழற்றினாள். சேலை நிறம் தெரியக்கூடாதென்று அமலி மைனியின் பழைய துண்டை மடியில் விரித்தாள். லோரா அம்மாகூட அதைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், நீ விவரமானவள் என்கிற மாதிரி. அந்தத் தலையாட்டலில் இவளுக்கு அன்றைக்கு எவ்வளவு பெருமை. மோதிரத்தைக் கழற்றினாளே, கையை எங்கே கழற்றி வைப்பாள். ஏன் பேசினேன், ஏன் பேசினேன் என்று மூன்று வாரமாக இவள் தன்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பதில் ஒன்றுதான் வருகிறது, அந்த அம்மா அப்புறம் என்று கேட்டாள். ஒன்றைச் சொல்லி நிறுத்தினால் யாழினியைப் பார்ப்பாள், யாழினி அப்புறம் அக்கா என்பாள். ஆறாம் வகுப்போடு நிறுத்தி, சித்தி பிள்ளைகளை வளர்த்து, கல்யாணம் முடித்து, இறால் உரித்து இந்த நாற்பத்தேழு வயசு வரைக்கும் மெற்றில்டா ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால், சரி அதுக்கு இப்ப என்ன என்றுதான் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். அப்புறம் என்று யாரும் கேட்டதில்லை.

இரண்டாவது டேபிளுக்கு வந்துவிட்டார். ஆறாவது டேபிள் இவளுடையது. லோரா அம்மா எழுதின செய்தி போன வருஷமே வந்துவிட்டது, அதுதான் ஆச்சரியம். இங்கிலீஷில், அமெரிக்காவில், யாருக்கும் தெரியாமல் அது பாட்டுக்கு எங்கேயோ இருந்தது. ஒரு வருஷம் ஒன்றும் ஆகவில்லை. மெற்றில்டா மறந்துகூடப் போனாள், பாதி மறந்தாள். அப்புறம்தான் பரிசு வந்தது. யாழினி போனில் குரல் அனுப்பியிருந்தாள்; மெற்றில்டா குளியலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு, போனைக் காதோடு ஒட்டி வைத்துக் கேட்டாள். "அக்கா, ஒரு சந்தோஷமான விஷயம்! லோராவுக்குப் பரிசு கிடைச்சிருக்கு. அமெரிக்காவிலேயே பத்திரிகைக்காரங்களுக்கு இதைவிடப் பெரிய பரிசு கிடையாது அக்கா. எல்லாப் பேப்பர்லயும் உங்க கைதான் முதல் படம். லோரா உங்களை நினைச்சு அழுதுட்டாங்க." குழாய்த் தண்ணீர் வாளி நிரம்பி வழிந்து காலில் ஓடியது. சந்தோஷம் என்றுதான் முதலில் நெஞ்சுக்குள் ஒன்று எழும்பியது, பொய் சொல்லக்கூடாது. நம்ம கை அமெரிக்காவில் பரிசு வாங்கியிருக்கிறது என்று ஒரு நொடி, ஒரே நொடி. அடுத்த நொடி எல்லாப் பேப்பர்லயும் என்ற வார்த்தை உறைத்தது. நாலாம் நாள் தமிழ்ப் பேப்பரிலும் வந்தது. மகள் அனிஷாதான் கொண்டுவந்தாள். அவள் இதே கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருக்கிறாள். ஒரு கட்டம் போட்டு இந்த வருஷம் பரிசு வாங்கியவர்கள் எல்லாரையும் வரிசையாகப் போட்டிருந்தார்கள். நாவலுக்கு ஒரு தாடி வைத்த கிழவர், கவிதைக்கு மொட்டை அடித்த ஒரு பொம்பளை, நாடகத்துக்கு ஒரு சின்னப் பையன் மாதிரி இருந்தவர், எங்கேயோ நடந்த சண்டையைப் படம் எடுத்ததற்கு இரண்டு பேர் தோளில் கை போட்டுக்கொண்டு. கடைசியில் லோரா அம்மா, சிரித்த முகம், தலைமுடியைக் கத்தரித்திருந்தாள். மெற்றில்டா எழுத்துக் கூட்டி எழுத்துக் கூட்டி வாசித்தாள். பரிசு வாங்கினவர்கள் எல்லாருக்கும் முகம் இருந்தது, பெயர் இருந்தது, எந்த ஊர் என்று இருந்தது. அவர்களுக்குக் கீழே ஒரு கை. "நம்ம கம்பெனி மாதிரி ஒரு கம்பெனி பத்திப் போட்டிருக்கும்மா" என்றாள் அனிஷா. அவள் படத்தைப் பார்த்தாள். அப்புறம் சோறு போட்டுக்கொண்டிருந்த அம்மாவின் கையைப் பார்த்தாள். பிறகு சாப்பிட்டு எழுந்து போய்விட்டாள். கேட்டிருந்தால்கூடத் தேவலை.

எட்டு. எட்டு பேர் என்றுதானே சொன்னாள். அதுவும் அந்தத் தமிழ்ப் பேப்பரில் இருந்தது, அம்மோனியா வாயு கசிந்து எட்டுப் பெண்கள் மயங்கி விழுந்ததாக. லோரா அம்மா வருவதற்குச் சில மாதம் முன்னால், இறாலை உறைய வைக்கிற அறைக்குழாயில் விரிசல் விட்டது. மூக்கில் ஊசி ஏற்றின மாதிரி ஒரு நாற்றம், கண்ணைத் திறக்க முடியவில்லை, எல்லாரும் பின்வாசலுக்கு ஓடினால் பின்வாசல் வெளியே பூட்டியிருந்தது. யாரும் இறாலைத் திருடிக்கொண்டு போகக் கூடாதென்று எப்போதும் பூட்டித்தான் இருக்கும். அதைத்தான் சொன்னாள். சரியா எட்டா அக்கா என்று யாழினி மூன்று தடவை கேட்டாள், எட்டுதான் என்று இவளும் மூன்று தடவை சொன்னாள். இப்போது எண்ணினால் ஏழுதான் வருகிறது. பனிமயம், அவள் தங்கச்சி, செவ்வந்தி, முறப்பநாட்டிலிருந்து வருகிற அந்த இரண்டு பிள்ளைகள், ரோசம்மா, கூன் விழுந்த கிழவி. ஏழு. எட்டாவது யார்? இறாலைக் கிள்ளிக் கிள்ளி எண்ணுகிறாள், ஏழோடு நின்றுவிடுகிறது. அமெரிக்காவில் பரிசு கொடுத்தவர்கள் திரும்ப விசாரிப்பார்களாமே. தப்பு என்று தெரிந்தால் பரிசைத் திரும்ப வாங்கிவிடுவார்களாமே. அப்படி வாங்கினால், அந்த அம்மா, எனக்குத் தப்பாகச் சொன்னவள் இன்னாள்தான் என்று எழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டால்? கொடுக்க மாட்டாள். அழுதாளாமே. ஆனால் பரிசு போனால் யார்தான் என்ன செய்ய மாட்டார்கள். ரோசம்மா என்ன ஆனாள் என்பது இவளுக்குத் தெரியாதா. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, பூட்டு ஏன் போட்டிருந்தது என்று ஆபீசில் போய் ஒரே ஒரு தடவை கேட்டாள். மறுநாள் வேனில் ஏற்றவில்லை. அதோடு போகாது, ஒரு கம்பெனி முதலாளி இன்னொரு கம்பெனி முதலாளிக்கு ஒரு போன் போடுவார், அவ்வளவுதான், இந்தக் கரையில் எத்தனை ஷெட் இருக்கிறதோ அத்தனை வாசலும் அந்தப் பேருக்குச் சாத்திக்கொள்ளும். ரோசம்மா இப்போது கரூர்ப் பக்கம் செங்கல் சூளையில். இங்கே தெரிந்தால் தான் மட்டுமா போவாள், அனிஷாவும் போவாள்.

ஆஸ்பத்திரிக்குப் போன அந்த வேனில் மெற்றில்டாவும் இருந்தாள், மயங்கியா மயங்காமலா என்று அவளுக்கே தெளிவில்லை. தெளிவாக இருப்பது சடைதான். யாரோ அவள் சடையைப் பிடித்துத் தரையோடு தரையாக இழுத்துக்கொண்டு போனார்கள், முன்வாசல் வரைக்கும், இறால் ஓட்டுத் தண்ணீரும் தலைக் குவியலும் முதுகில் உரசிக்கொண்டு வர. தூக்கிப் போட்டுவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு, "சவத்து மூதி, என்ன கனம் கனக்கா" என்று சொன்ன குரல் பேச்சியம்மாளுடையது. பேச்சி. இப்போது இவளுக்கு வலது பக்கத்தில், அரை முழம் தள்ளி, பேசிக்கொண்டே உரித்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு வாய் ஓய்ந்தால் கை ஓய்ந்துவிடும். காலையில் வேனில்கூட அவள் வாய் ஓயவில்லை. பரிசுச் செய்தி வந்த மறுவாரமே அமெரிக்காவில் சரக்கு வாங்குகிறவர்கள், வாயு கசிந்தது எந்தக் கம்பெனியில் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். ஆறு நாள் வேலை மூன்று நாளானது. வேனில் எல்லாருக்கும் ஆத்திரம். "எவளோ ஒருத்தி வாயை வச்சுக்கிட்டு இருக்க மாட்டாம, நம்ம எல்லாத்து வயித்துலயும் அடிச்சிட்டா" என்றாள் முன்சீட்டில் செவ்வந்தி. "அவ கையில கிடைச்சா..." என்று இன்னொருத்தி. "கை கிடைச்சிருச்சுட்டி, ஆள்தான் கிடைக்கல" என்று பேச்சி சொன்னதும் ஆத்திரத்திலும் இரண்டு பேர் சிரித்தார்கள். பேச்சிக்குப் போன் கிடையாது. செவ்வந்தியின் போனை வாங்கிப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். பார்த்துவிட்டு மெற்றில்டாவின் மடியில் போட்டாள். "ஏட்டி மெற்றில்டா, இந்தா பாரு. இது என் கையா, உன் கையா?" வேன் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. மெற்றில்டா சிரித்தாள். எப்படிச் சிரித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை, சத்தம் மட்டும் வந்தது. "போக்கா, வெளயாடாத" என்றாள். "அமெரிக்காக்காரன் பரிசு குடுத்திருக்கான்டி, என் கைன்னா ஒத்துக்கிட்டு வாங்கிட்டு வந்திருவேன்" என்று பேச்சி கையை நீட்டி வாங்குகிற மாதிரிக் காட்டினாள். இடது கை. அதைப் பார்த்து, "பீச்சாங்கைய நீட்டுனா திருப்பி வாங்கிருவான்" என்று செவ்வந்தி சொல்ல, வேன் முழுக்கச் சிரிப்பு. ஆனால் செவ்வந்தி சிரித்து முடித்த பிறகும் திரும்பி இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்தாள். அது என்ன பார்வை? சும்மா பார்த்தாளா? அந்தப் பார்வையை இவள் காலையிலிருந்து புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

மூன்றாவது டேபிள். ஷெட்டில் இடக்கைக்காரிகள் இரண்டே பேர், இவளும் பேச்சியும். உரிக்கிற டேபிளில் நெருக்கிக்கொண்டு நிற்பார்கள். எல்லாரும் வலது கையால் இழுக்கிற இடத்தில் ஒருத்தி இடது கையால் இழுத்தால் முழங்கை முழங்கையோடு இடித்துக்கொண்டே இருக்கும், வேலை ஓடாது. அதனால் இடக்கைக்காரியைச் சேர்த்தால் டேபிள் ஓரத்தில்தான் நிறுத்துவார்கள், எந்தக் கம்பெனியிலும் அப்படித்தான். ஆறாவது டேபிளின் வலது ஓரம், அடுத்தவளுக்கும் இவர்களுக்கும் நடுவில் கொஞ்சம் இடம் விட்டு, அவர்களுக்கு. சாப்பிடுவதும் பரிமாறுவதும் கோயிலில் சிலுவை போடுவதும் வலது கை, அதை யார் மாற்ற முடியும். வேலை என்று வந்தால் இடதுதான் ஓடும். பதினோரு வருஷம் ஒட்டி நின்று இரண்டு பேர் கையும் ஒரே கை மாதிரி ஆகிவிட்டது. ஆடிட் முடிந்து கிளவுஸைத் திரும்ப வாங்கும்போது பேச்சி எப்படியோ ஒரு ஜோடியை ஒளித்துக்கொண்டு வந்துவிடுவாள், பெருவிரலை மட்டும் வெட்டி எடுத்து ஆளுக்கு ஒன்றாக மாட்டி, மஞ்சள் வலைநூலால் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டிக்கொள்வார்கள், இறால் மூக்கு முள் குத்தாமல் இருக்க. படத்தில் அது பளிச்சென்று தெரிகிறது; மோதிரத்தைக் கழற்றினவளுக்கு இதைக் கழற்றத் தோன்றவில்லை. இடது பெருவிரல், நீல ரப்பர், மஞ்சள் நூல். பரிசுச் செய்தி வந்த அன்று ராத்திரியே மெற்றில்டா தன்னுடையதை அடுப்பில் போட்டுவிட்டாள். மறுநாளிலிருந்து மற்றவர்கள் மாதிரி வெள்ளைப் பிளாஸ்திரி. "என்னட்டி, மெத்தப் படிச்ச நர்சம்மா மாதிரி" என்று பேச்சி கேட்டாள், இவள் விரல் புண்ணாகிவிட்டது என்றாள். பேச்சி கழற்றவில்லை. அவள் ஏன் கழற்றப்போகிறாள், அவளுக்கென்ன பயம். இன்றைக்கும் அந்த நீலமும் மஞ்சளும் ஐஸுக்குள் போய்ப் போய் வருகிறது. பார்க்கும்போதெல்லாம் மெற்றில்டா கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறாள். கழற்றிரு என்று சொல்லலாமா? சொன்னால் ஏன் என்பாள். ஏன் என்றால் என்ன சொல்வது. எல்லாவற்றையும் சொல்லிவிடலாம், அக்கா அது என் கைதான், எனக்குப் பயமாயிருக்கு என்று, மாஸ்க்குக்குள் மெல்லமாக. பேச்சிக்கு மெல்லப் பேச வராது, என்னது, உன் கையா என்று ஷெட் முழுக்கக் கேட்கும். அதோடு இன்னொரு நினைப்பும் இருந்தது, அதை அவள் முழுசாக நினைக்காமல் ஓரத்திலேயே வைத்திருந்தாள். பேச்சி கழற்றாமல் இருக்கிற வரைக்கும்... அதற்கு மேல் நினைக்கக் கூடாது. மாதாவே, நான் நினைக்கவில்லை.

நாலாவது டேபிளில் அவர் அதிக நேரம் நிற்கவில்லை. ஏன்? ஏன் சீக்கிரம் வருகிறார்? யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள். இருபது வருஷம் சூப்பர்வைசராக இருந்த சகாயமேரி அக்காவுக்கு ஒவ்வொருத்தி கையும் தெரியும். ஆனால் பரிசு வந்ததும் முதலில் அவளைத்தான் வேறு ஊர் ஷெட்டுக்கு மாற்றினார்கள், அந்தக் கோபத்தில் அவள் வாயே திறக்காமல் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். புது சூப்பர்வைசருக்கு ரெஜிஸ்டரில் இருக்கிற பெயர்தான் தெரியும். ஐந்தாவது டேபிளில் நின்று திலீபன் சார் எதையோ கேட்டார், ஒருத்தி தலையை ஆட்டினாள், ஆமென்றா இல்லையென்றா, மாஸ்க் போட்ட தலையாட்டலில் என்ன தெரியும். மெற்றில்டாவுக்கு ஒன்றுக்கு வருகிற மாதிரி இருந்தது. இப்போது போக முடியாது, போனால் ஏன் போனாள் என்பார்கள். அந்த லோரா அம்மா இந்த நேரம் என்ன செய்துகொண்டிருப்பாள்? தூங்கிக்கொண்டிருப்பாள், அங்கே இப்போது இருட்டு என்று யாழினி சொல்லியிருக்கிறாள். பரிசை எங்கே வைத்திருப்பாள், கண்ணாடி அலமாரியிலா. நல்லவள்தான். இவள் உரித்த இறாலை அமலி மைனி பொரித்துக் கொடுத்தபோது, உரித்தவர் கையைப் பார்த்துவிட்டு என்னால் தின்ன முடியவில்லை என்று சொன்னாளாம். அப்போது அது பெரிய பேச்சாக இருந்தது. இப்போது நினைத்தால், தின்றிருக்கலாம், தின்றுவிட்டுப் படம் எடுக்காமல் போயிருக்கலாம் என்று இருக்கிறது. பார்த்தேன் சார், தெரியாது சார். பார்த்தேன். தெரியாது.

"ஏய், வர்றான்டி நம்ம மாப்பிள்ளை" என்று பேச்சி மாஸ்க்குக்குள் சொன்னாள். "கை பார்க்கான், கை பார்க்கான், ரேகை பார்த்து எனக்கு ரெண்டாவதா ஒரு மாப்பிள்ளை அமையுமான்னு கேட்டுச் சொல்லுதேன் இரு." எதிரில் நின்ற பனிமயம் களுக்கென்று சிரித்தாள். ஆறாவது டேபிளின் இடது கோடியில் அவர் வந்து நின்றார். முதல் ஆள். இரண்டாவது ஆள். போனிலிருந்து வெளிச்சம் ஒவ்வொரு கையிலும் விழுந்து விழுந்து நகர்ந்தது. மெற்றில்டா தன் இடது கையைப் பார்த்தாள். அது இறாலின் தலையைக் கிள்ளி, ஓட்டைப் பிடித்து இழுத்து, நரம்பைச் சுண்டி, கிண்ணத்தில் போட்டுவிட்டு, அடுத்ததற்குப் போனது; அவள் சொல்லாமலே போனது, இவ்வளவு பயத்திலும் அதற்கு ஒன்றும் தெரியவில்லை, படத்தில் எப்படிச் செய்ததோ அப்படியே செய்துகொண்டிருந்தது. நான்காவது ஆள். ஐந்தாவது. இன்னும் மூன்று பேர். அப்போதுதான், யோசித்து அல்ல, தும்மல் வருகிற மாதிரி, அவள் இறாலை இடது கைக்கு மாற்றிப் பிடித்து வலது கையால் தலையைக் கிள்ளினாள். தலை வரவில்லை. ஓடு பாதியில் முறிந்தது. வலது முழங்கை போய்ப் பேச்சியின் இடது முழங்கையில் இடித்தது.

பேச்சி பேச்சை நிறுத்தினாள். நடுவில், ஒரு வார்த்தையின் பாதியில். மறுபடி முழங்கை இடித்தது. பேச்சி குனிந்து மெற்றில்டாவின் கைகளைப் பார்த்தாள், அப்புறம் நிமிர்ந்து தொப்பிக்கும் மாஸ்க்குக்கும் நடுவே இருந்த கண்களைப் பார்த்தாள். மெற்றில்டா பார்க்கவில்லை. எதிரே பனிமயம் பார்த்தாள், செவ்வந்தி பார்த்தாள், இந்தப் பக்கம் நின்ற பிள்ளையும் பார்த்தாள். டேபிள் முழுக்கத் தெரிந்துவிட்டது. யாராவது ஒருத்தி, என்னக்கா கை மாத்திட்ட என்று சிரித்தால்கூடப் போதும், முடிந்தது. ஒருத்தியும் சிரிக்கவில்லை. ஐஸ் தண்ணீர் டேபிள் விளிம்பிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. திலீபன் சார் வந்து மெற்றில்டா முன்னால் நின்றார். வெளிச்சம் அவள் கையில் விழுந்தது. சிதைந்த இறால் ஒன்று கிண்ணத்தில் விழுந்தது.

"என்னம்மா இப்படிப் பிய்க்கிறே? புதுசா?"

"விரல்ல முள்ளு குத்திட்டு சார்."

"எந்தக் கை வேலை உனக்கு?"

"வலது சார்."

அவர் பிளாஸ்திரியைப் பார்த்தார், போனைப் பார்த்தார், ம் என்றார். வெளிச்சம் நகர்ந்து பேச்சியின் நீலப் பெருவிரலில் போய் நின்றது. அங்கே ரொம்ப நேரம் நின்றது. பேச்சி கையை இழுத்துக்கொள்ளவில்லை. இறாலைப் பிடித்தபடி அப்படியே வைத்திருந்தாள், வேனில் பரிசு வாங்குகிற மாதிரி நீட்டிய அதே கையை. அவள் ஒரு சொல் சொன்னால் போதும். அந்த டேபிளில் கைகள் ஓடுகிற சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. "இந்த நூல் யாரு கட்டினது?" என்றார் அவர். "நான்தான் சார்" என்றாள் பேச்சி, அவளிடமிருந்து அவ்வளவு மெல்லிய குரலை மெற்றில்டா கேட்டதே இல்லை. "வேற யாரும் இந்த மாதிரிக் கட்டுறாங்களா?" பேச்சி தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லமாட்டாள், இவள் சொல்லமாட்டாள் என்று மெற்றில்டாவுக்கு அந்த நொடியில் தெரிந்தது, அது தெரிந்ததுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. அவர் மெற்றில்டா பக்கம் திரும்பினார்.

"நீ பக்கத்துலயே நிக்கிறியே. இந்தம்மா எப்பவும் இடது கையா?"

மெற்றில்டா இடது பக்கமாக அரை அடி நகர்ந்து, தனக்கும் பேச்சிக்கும் நடுவில் இடம் விட்டாள்.

"ஆமா சார்" என்றாள். "இந்த ஷெட்லயே அவ ஒருத்திதான்."

பிறகு வலது கையை ஐஸுக்குள் விட்டு அடுத்த இறாலை எடுத்தாள்.